கழற்றி வைத்த ப்ரொசெசர்

இதை நான் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் பங்குச் சாமியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தலையில் கை வைத்து ஜெபித்து, ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கச் சொன்னார். கணினி படித்த நண்பன் ஒருவன், “ரேம் பழுதா இருந்திருக்கும் மச்சான்” என்றான். ரேம் பழுதானால் திரையில் குப்பைதான் வரும். ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்து யோசித்து வேலை செய்வதுபோல வராது.

நான் பேயைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. உருவம் எதுவும் தெரியவில்லை. கதவு தானாகத் திறக்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் திரையில் ஓடிய சில வரிகள். 2008ஆம் ஆண்டு, ஒக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. மாத்தளை டவுனில், மக்கீன் நானாவின் கம்யூனிகேஷன் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் கிறிஸ்தோபர், கூப்பிடுவது கிறிஸ்டி. என்னோடு கெம்பஸில் படித்தவன் சிவஞானம். நாங்கள் ஞானம் என்போம். பலாபத்வலைக்கு மேலே இருக்கும் ஒரு றப்பர் தோட்டத்துப் பையன். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா அழகாயி அந்தத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ஒரே பிள்ளை. லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், குப்பி விளக்கில் படித்தவன், கெம்பஸில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரனாக இருந்தான். அதைப் பற்றி அவனுக்கு ஒரு பெருமையும் கிடையாது. எதற்கெடுத்தாலும் சிரிப்பான்.

கடைசி வருடம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ப்ரொஜெக்ட் செய்தோம். ஒரு கணினியின் அடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்துகிற மென்பொருளுக்குக் கேர்னல் என்று பெயர். எந்த வேலை ஓடுவதற்கும் மெமரி வேண்டும். கேட்டால் எடுத்துக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பதும் கேர்னலின் பொறுப்பு. அந்தக் கொடுக்கல் வாங்கல் பகுதியை மட்டும் நாங்கள் புதிதாக எழுதினோம்.

அதற்காக, கொழும்பில் மூடிவிட்ட ஒரு ஒபிசில் கழித்துப் போட்ட பழைய சேர்வர் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். மக்கீன் நானா அதை வைக்கத் தன் கடையின் பின் அறையைத் தந்தார். அதில் கணினிக்கு மூளையான ப்ரொசெசர் சில்லு இரண்டு இருந்தது. அதுதான் எங்களுக்குத் தேவை. இரண்டும் ஒரே நேரத்தில் மெமரி கேட்டால் என்ன ஆகும்? ஒரே துண்டை இரண்டுக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டால், ஒன்று எழுதியதன் மேல் மற்றது எழுதிவிடும். எல்லாம் நாசம். அதனால் லொக் என்று ஒரு பூட்டுப் போடுவார்கள். பூட்டை எடுத்தவன் மட்டும் உள்ளே போகலாம். மற்றவன் வெளியே நிற்க வேண்டும்.

“ஒரே லொக் போட்டா பயமில்ல. ஆனா ஒருத்தன் வேலை செய்யிறப்ப மத்தவன் சும்மா நிக்கிறான் பாரு” என்றான் ஞானம். “மெமரிய ஆளுக்கொரு குவியலாப் பிரிச்சுக் குடுத்திருவோம்டா. அவனவன் குவியலுக்கு அவனவன் லொக்.”

“ஒருத்தன்கிட்ட முடிஞ்சு போச்சுன்னா?”

“மத்தவன்கிட்ட வாங்கிக்கட்டும். அப்ப மட்டும் ரெண்டு லொக்கும் எடுக்கணும்.”

அப்படியே செய்தோம். ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் வந்தது. அன்று மக்கீன் நானா எங்களுக்குக் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஒரு கோளாறு இருந்தது. எப்போதாவது, காரணமே தெரியாமல், எல்லாம் அப்படியே நின்றுவிடும். ஒரு ப்ரொசெசர் தன் பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதன் பூட்டுக்காக நிற்கும். மற்றது தன் பூட்டைப் பிடித்துக்கொண்டு இதன் பூட்டுக்காக நிற்கும். இரண்டும் விடாது. எத்தனை நாள் விட்டாலும் அப்படியே நிற்கும். இது எந்த இடத்தில் நடக்கிறது என்பதைத்தான் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஓகஸ்ட் மாதம் ஞானத்துக்குக் கொழும்பில் ஒரு வேலைக்கு இன்டர்வியூ வந்தது. நான் பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

“மச்சான், எங்க நிக்குதுன்னு புடிச்சிட்டேன்டா. நாம பாக்கவே பாக்காத இடம்.”

“எங்கடா? சொல்லிட்டுப் போ.”

“பஸ் எடுக்குறான். வந்து சொல்றேன்.”

சிரித்துக்கொண்டே போனான்.

கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கினான். விடியப்புறம் யாரோ வந்திருக்கிறார்கள். அடையாள அட்டையைக் கேட்டு, மூன்று தமிழ்ப் பையன்களைக் கீழே கூட்டிப் போயிருக்கிறார்கள். இரண்டு பேர் சாயந்தரமே திரும்பி வந்துவிட்டார்கள். ஞானம் வரவில்லை. யார் கொண்டு போனது, எங்கே வைத்திருக்கிறது, எதுவும் தெரியாது. கேட்ட இடத்திலெல்லாம் எங்களிடம் இல்லை என்றார்கள்.

அழகாயி அம்மா பால் வெட்டு முடிந்ததும், மத்தியான பஸ்ஸில் டவுனுக்கு வருவார். கையில் றப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அவருக்காக நான் சிங்களத்தில் போன் எடுத்துப் பேசுவேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் போனை வைத்ததும், “இல்லைன்னா சொல்றாங்க தம்பி?” என்பார். “தெரியாதுன்னு சொல்றாங்க அம்மா.” “அப்ப இல்லைன்னு சொல்லல.” அந்தப் பதிலை முந்தானையில் முடிந்துகொண்டு போவதுபோலப் போவார்.

ஒவ்வொரு முறையும் பின் அறை வாசலில் நின்று ஒரு நிமிடம் அந்தச் சேர்வரைப் பார்ப்பார்.

“அவன் செஞ்சது சரியா வந்திருச்சா தம்பி?”

“இன்னும் கொஞ்சம் இருக்கு அம்மா.”

கெம்பஸில் எங்கள் விரிவுரையாளர் நல்ல மனிதர். இரண்டு பேர் பெயரையும் போட்டே ப்ரொஜெக்டைக் காட்டு, ஓடினால் இரண்டு பேருக்கும் மார்க்ஸ் தருகிறேன் என்றார். ஒக்டோபர் 20, திங்கட்கிழமை காட்ட வேண்டும். 17ஆம் தேதி வரை அது நின்று நின்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. சாயந்தரம் 5.45க்கு மக்கீன் நானா மஃரிப் தொழப் பள்ளிக்குக் கிளம்பினார்.

“கிறிஸ்டி, முன் ஷட்டரப் போட்டுட்டுப் போறேன். பின் கதவால போங்க. ரொம்ப நேரம் இருக்காதீங்க. காலம் சரியில்ல.”

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஏழு மணிக்கே மாத்தளை டவுன் செத்துப்போகும். நான் சரி என்றேன். ஷட்டர் இறங்கிய சத்தம் கேட்டது. 6.10க்கு மழை பிடித்தது.

அன்று நான் செய்ய நினைத்தது ஒரு சின்ன வேலை. இரண்டு ப்ரொசெசரில் எவ்வளவு வேகம் என்று காட்டுவதற்கு, ஒரே ஒரு ப்ரொசெசரில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து வைக்க வேண்டும். ஒன்றை மென்பொருளிலேயே அணைத்துவிடலாம். ஆனால் ஞானம் இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டான். அளந்தால் சுத்தமாக அளக்கணும் என்பான். அதனால் மின்சாரத்தை எடுத்துவிட்டு, சேர்வரின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். இரண்டாவது ப்ரொசெசரின் மேலிருந்த விசிறியைக் கழற்றினேன். சின்ன நெம்புகோலைத் தூக்கி, ப்ரொசெசரை வெளியே எடுத்தேன். பிஸ்கட் அளவுதான் இருக்கும். பழைய பேப்பரை மடித்து, மேசையில் என் வலது கைப்பக்கம் அதன் மேல் வைத்தேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கணினியில் எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்கும். முதலாவது ப்ரொசெசருக்குப் பெயர் பூச்சியம். இரண்டாவதற்குப் பெயர் ஒன்று. நான் கழற்றி மேசையில் வைத்தது ஒன்று.

சேர்வரைப் போட்டேன். ‘ஒரே ஒரு ப்ரொசெசர்தான் இருக்கிறது’ என்று திரையில் வந்தது. சரி. மெமரியைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிக் கொடுக்கும் எங்கள் சோதனையை ஓடவிட்டேன். மணி 6.20.

இரண்டு ப்ரொசெசர் இருந்தபோது இந்தச் சோதனை இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். ஒன்றுதான் இருக்கிறது என்பதால் நான்கு நிமிடமாவது வேண்டும். நான் தேநீர் ஊற்றப் போனேன். ஃப்ளாஸ்க்கை மூடிவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்திருந்தது.

இரண்டு நிமிடம், ஒன்பது செக்கன்.

எங்கேயோ பிழை என்று நினைத்தேன். மறுபடி ஓடவிட்டேன். இந்த முறை கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே இரண்டு நிமிடம், ஒன்பது செக்கன். ஒரு ஆள் இரண்டு ஆள் வேலையைச் செய்திருந்தான்.

முத்துமாரியம்மன் கோயில் மணி அடித்தது. வெள்ளிக்கிழமைப் பூசை. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

நாங்கள் ஒரு வசதி வைத்திருந்தோம். அதைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு துண்டு மெமரியையும் எந்த ப்ரொசெசர் கேட்டது, எந்தப் பூட்டை எடுத்தது என்று திரையில் வரிவரியாக வரும். அந்த எண்ணை நாங்கள் எழுதுவதில்லை. ப்ரொசெசரே தன் எண்ணைச் சொல்லும். அதைப் போட்டேன். வரிகளைப் படிக்க முடியும்படி மெதுவாக்கினேன். ஓடவிட்டேன். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

பூச்சியம் கேட்டது. பூச்சியம் எடுத்தது.

பூச்சியம் கேட்டது. பூச்சியம் எடுத்தது.

ஒன்று கேட்டது.

நான் திரைக்குக் கிட்டப் போனேன்.

ஒன்று எடுத்தது.

வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். ப்ரொசெசர் பேப்பர் மேலேயே கிடந்தது. நான் வைத்தபடியே.

சேர்வரை அணைத்தேன். வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே சொல்லி முடிக்கும் வரை நின்றேன். மறுபடி செருகிப் போட்டேன். ‘ஒரே ஒரு ப்ரொசெசர்தான் இருக்கிறது.’ அதே வரி. அப்பாடா என்று இருந்தது.

ஓடவிட்டேன்.

பூச்சியம் கேட்டது. பூச்சியம் எடுத்தது.

ஒன்று கேட்டது.

மணி 6.52.

டோர்ச்சை எடுத்துச் சேர்வருக்குள் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது இடம் வெறுமையாக இருந்தது. சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும். அதன் விசிறி கழன்று தரையில் கிடந்தது. ஒரு விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால்... எனக்கு இரண்டு விசிறிச் சத்தம் கேட்டது. ஒன்று சேர்வருக்குள். மற்றது மேசைப் பக்கத்திலிருந்து.

மழையாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மேசையில் கிடந்த ப்ரொசெசரைத் தொட்டேன்.

சுட்டது.

கையை உதறினேன். கொதிக்கிற கேத்தலைத் தொட்டதுபோல இருந்தது. அதன் அடியில் ஈரக்காற்றில் நமுத்துக் கிடந்த பேப்பர், இப்போது காய்ந்து ஓரம் வளைந்திருந்தது. வயர் இல்லை. மின்சாரம் இல்லை. ஒன்றுமில்லை. சும்மா கிடக்கிற ஒரு சில்லு... வேலை செய்துகொண்டிருந்தது.

ஓடிப்போயிருக்க வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒன்று கேட்டது. ஒன்று எடுத்தது.

கொஞ்சம் நிற்கும். மறுபடி கேட்கும். அந்த நிற்கிற விதம்... எனக்குத் தெரியும். ஞானம் அப்படித்தான். ரெண்டு வரி எழுதுவான். நிறுத்துவான். விரலால் மேசையைத் தட்டுவான். மறுபடி எழுதுவான்.

தூரத்துப் பள்ளியில் இஷா தொழுகைக்கான பாங்கு கேட்டது. மணி 7.08.

எப்படியோ கூப்பிட்டேன்.

“ஞானம்...”

திரையில் ஒன்று நின்றுவிட்டது.

பூச்சியம் மட்டும் ஓடியது. பூச்சியம் கேட்டது. பூச்சியம் எடுத்தது. பூச்சியம் கேட்டது...

“நீயாடா?”

ஒன்று கேட்டது.

ஒரே ஒரு வரி. பிறகு நின்றது.

அழுகை வந்துவிட்டது எனக்கு. பயமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கடா இருக்க?”

நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

பூச்சியம் தன் பாட்டுக்கு ஓடியது. ஒன்றிடமிருந்து எதுவும் வரவில்லை. அந்தச் சில்லால் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். அதால் கேட்க முடியும். எடுக்க முடியும். திருப்பிக் கொடுக்க முடியும். வேறு எதுவும் முடியாது.

பிறகு அது திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது.

ஒன்று, பூச்சியத்தின் பூட்டை எடுத்தது.

ஒன்று, தன் பூட்டை எடுத்தது.

ஒன்று, திருப்பிக் கொடுத்தது.

மறுபடி. முதலில் பூச்சியத்தின் பூட்டு. பிறகுதான் தன் பூட்டு. பிறகு கொடுத்தது. மறுபடி. மறுபடி. நிதானமாக. நான் பார்க்கிறேனா என்று பார்த்துப் பார்த்துச் செய்வதுபோல.

நான் எழுதிய நிரலில் அந்த வரிசை இல்லை. அதில், திருப்பிக் கொடுக்கும்போது யாரும் முதலில் தன் பூட்டைத்தான் எடுப்பார்கள். நாங்கள் வாங்குகிற இடத்தில் மட்டும் பூட்டு வரிசையைக் கவனமாக எழுதியிருந்தோம். கொடுக்கிற இடத்தைப் பார்க்கவே இல்லை. யார் கொடுத்தாலும் சின்ன எண்ணின் பூட்டை முதலில் எடுத்தால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்காது. அவ்வளவுதான் விஷயம்.

வந்து சொல்கிறேன் என்றானே...

வாங்கியதெல்லாம் முடிந்தது. ஒன்றிடம் மிச்சம் எதுவுமில்லை என்று திரையில் வந்தது.

மணி 7.28. மின்சாரம் போனது.

இருட்டு.

சேர்வரின் விசிறி மெல்ல மெல்ல நின்றது.

மற்ற விசிறிச் சத்தம் நிற்கவில்லை.

மேசைப் பக்கம்... இன்னும் கொஞ்ச நேரம்...

நான் பின் கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடினேன். செருப்பை விட்டுவிட்டு வந்தது வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

மறுநாள் பகலில், மக்கீன் நானா கடையில் இருக்கும்போதுதான் உள்ளே போனேன். ப்ரொசெசர் ஆறிக் கிடந்தது. அதைத் திரும்பப் பொருத்தினேன். நிரலில் அந்த ஒரு இடத்தை மாற்றினேன். சனிக்கிழமை முழுவதும் ஓடியது. ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. திங்கட்கிழமை விரிவுரையாளர் தானே உட்கார்ந்து, எப்படியெல்லாமோ நெருக்கிப் பார்த்தார். நிற்கவில்லை. “இத யார் புடிச்சது?” என்றார். “ஞானம், சேர்” என்றேன். அவர் இரண்டு பேர் பெயருக்கும் நேரே மார்க்ஸ் போட்டார்.

நான் நேரே தோட்டத்துக்குப் போனேன். அழகாயி அம்மா காம்பிரா வாசலில் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அவன் செஞ்சது சரியா வந்திருச்சு.”

வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “நெசமாவா?”

“நெசமா. அவனுக்கும் மார்க்ஸ் போட்டுட்டாங்க.”

“வந்ததும் சொல்லணும்” என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஏனென்றால் அவன் செத்துவிட்டான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அன்று வந்தது அவன் ஆவி. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, வாங்கியதெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அப்படித்தான் நினைத்தேன். நவம்பரில் ஆன்மாக்கள் தினத்தன்று, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரமாக, அவனுக்காக யாருக்கும் தெரியாமல் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

2009 பெப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம் மக்கீன் நானா எனக்குப் போன் எடுத்தார். உடனே கடைக்கு வாங்க என்றார். குரல் சரியில்லை.

கடையில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் புஹாரி. துணி வியாபாரி. கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போன இடத்தில், யாருக்கோ வான் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார் என்று அவரையும் கொண்டுபோயிருக்கிறார்கள். நீதவான் கோட்டில் விடுதலையாகி ஒரு வாரம்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவருக்கு எதிரே அழகாயி அம்மா, ஸ்டூலின் நுனியில்.

“ஒரே ரூமுல இருந்தோம் நானும் ஒங்க மகனும்” என்றார் புஹாரி. “மாத்தளையில மக்கீன் நானா கடைக்குப் போய்ச் சொல்லுங்கன்னார். அதான் தேடி வந்தேன்.”

“சாப்புட்டானாங்க?” என்றார் அழகாயி அம்மா. அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“குடுத்தத சாப்புட்டார் அம்மா. எனக்கும் பிரிச்சுத் தருவார்.”

“எந்த எடமுங்க?”

“அதுதான் தெரியாது. கண்ணக் கட்டித்தான் கொண்டு போனாங்க. கண்ணக் கட்டித்தான் வெளிய எடுத்தாங்க. ஜன்னல் இல்ல. தண்டவாளத்துல கோச்சி போற சத்தம் மட்டும் கேக்கும்.”

நான் மெதுவாகக் கேட்டேன். “நீங்க அவர கடைசியாப் பாத்தது எப்ப நானா?”

“ஒக்டோபர் பதினெட்டு காலையில. அன்னைக்குத்தான் என்ன மட்டும் எடுத்துக் கோட்டுக்குக் கொண்டு போனாங்க. கோட்டுக் கடுதாசியில தேதி இருக்கு. அவர் அங்கேயேதான் இருந்தார்.”

நான் தேதியை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

பதினெட்டு காலையில்... உயிரோடு.

“அதுக்கு முந்தின நாள் பின்னேரம் ஒரு மாதிரி ஆயிட்டார்” என்றார் புஹாரி. “வெள்ளிக்கெழம. மஃரிபுக்குப் பொறகு செவத்தப் பாத்து உக்காந்தவர்தான். வெரலால தரையில தட்டிக்கிட்டே இருந்தார். நான் பேசினாப் பதில் இல்ல. ஒடம்பத் தொட்டுப் பாத்தேன். நெருப்பாக் கொதிச்சிச்சு. காய்ச்சல்னு நெனச்சேன். பொறகு சட்டுன்னு தட்டுறத நிப்பாட்டினார். ‘கிறிஸ்டி கூப்புடுறான்’னார்.”

மக்கீன் நானா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரு கிறிஸ்டின்னு எனக்குத் தெரியாது. ‘எங்கடா இருக்கன்னு கேக்குறான் நானா’ன்னார். என் மொகத்தப் பாத்தார். ‘எனக்கே தெரியலயே. நான் என்னன்னு சொல்றது?’ன்னு கேட்டுட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். ரெண்டு மாசமா அவர் அழுது நான் பாத்ததே இல்ல.”

நான் சொன்னேன். அன்றுதான் முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னேன். 17ஆம் தேதி, பின் அறை, மேசையில் கிடந்த ப்ரொசெசர், நான் கேட்ட கேள்வி. எல்லாவற்றையும். மக்கீன் நானா இன்னாலில்லாஹி என்று தொடங்கி, அழகாயி அம்மாவைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார். அது இறந்தவர்களுக்குச் சொல்வது.

அழகாயி அம்மா பயப்படவில்லை. அழவும் இல்லை. எழுந்து என் கையைப் பிடித்தார்.

“தம்பி, அந்தப் பெட்டிய மறுபடி போடு.”

“அம்மா...”

“அன்னிக்கு மாதிரியே கழட்டி வச்சிட்டுப் போடு. எங்க இருக்கன்னு கேட்டா அவனுக்கு எப்பிடித் தெரியும்? நான் கேக்குற மாதிரிக் கேக்குறேன்.”

பின் அறைக்குப் போனோம். இரண்டாவது ப்ரொசெசரைக் கழற்றினேன். பேப்பரில் வைத்தேன். சேர்வரைப் போட்டு, அன்றுபோலவே மெதுவாக்கி ஓடவிட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேசையில் கிடந்த அந்தச் சில்லுக்குக் கிட்டே குனிந்தார். தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில் பேசினார்.

“சாமி... அம்மா வந்திருக்கேன்யா. கோச்சி எந்தப் பக்கம் போகுது? ஒனக்கு வலது பக்கமா, எடது பக்கமா? பகல்ல போகுதா, ராவுல போகுதா? அத மட்டும் சொல்லுய்யா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

பூச்சியம் கேட்டது. பூச்சியம் எடுத்தது.

பூச்சியம் கேட்டது. பூச்சியம் எடுத்தது.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பூச்சியமும் ஒன்றும் தெரியும். விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று வரவே இல்லை. முடிந்தது. மறுபடி ஓடவிட்டேன். இந்த முறை மெதுவாக்காமல். நான்கு நிமிடம் ஆனது. நானும் கூப்பிட்டேன். புஹாரியும் வாசலில் நின்று, “மகன், நான்தான் நானா” என்றார். பூச்சியம் மட்டும் கேட்டது. பூச்சியம் மட்டும் எடுத்தது.

அழகாயி அம்மா சில்லைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையில் எடுத்து வைத்து, மற்றக் கையால் மூடிக்கொண்டார். அப்படியே நெடுநேரம் இருந்தார். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் ஐந்தரைக்கு. மக்கீன் நானா வந்து நேரமாகிறது என்றார்.

அவர் ப்ரொசெசரைப் பேப்பரில் திரும்ப வைத்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“தூங்கியிருப்பான் தம்பி” என்றார். “நாளைக்குப் பால் வெட்டு முடிஞ்சதும் வெள்ளனயே வந்துர்றேன். அணைச்சிராத.”